ஆர்தர் ஆண்டர்சன்: ஷெட்லாந்துக் கருவாட்டுக் கரையிலிருந்து நாடாளுமன்றம் வரை

#1 வடகடல்

பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி பற்றிய இழைகளில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. எல்லோரும் கப்பலோடு நிறுத்திவிடுகிறார்கள். மனிதர் மீனில் பிறந்து, மீனில் வேலை கற்று, மீனை வைத்தே சொந்தத் தீவின் பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நின்றவர். இங்கே கப்பலை ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு மீனையும் தேர்தலையும் பேசலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1792 பிப்ரவரி 19-ல் ஸ்காட்லாந்தின் வடகோடி ஷெட்லாந்துத் தீவுகளில், லெர்விக் ஊரை ஒட்டிய கிரெமிஸ்டாவில் பிறந்தார். பிறந்த வீடு ஒரு 'போட்', அதாவது மீன் காயவைக்கும் கரையை ஒட்டிக் கட்டிய கல் வீடு. கீழே உப்புக் கிடங்கு, மேலே குடியிருப்பு. சிறுவயதிலேயே எதிரே உள்ள பிரெசே தீவில் தாமஸ் போல்ட் என்ற வியாபாரியிடம் 'கரைப் பையன்' வேலைக்குப் போனார். 1808-ல் கடற்படை. நெப்போலியன் போர் முடிந்ததும் 1815-ல் லண்டனில் பிராடி மெக்கீ வில்காக்ஸ் என்ற கப்பல் தரகரிடம் குமாஸ்தா, 1822-ல் பங்காளி. 1836-ல் ஷெட்லாந்துக்கென்று முதல் செய்தித்தாள். 1837-ல் வைலா தீவைக் குத்தகைக்கு எடுத்து ஷெட்லாந்து மீன்பிடிக் கம்பெனி. 1847 முதல் 1852 வரை ஆர்க்னி-ஷெட்லாந்து தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1868 பிப்ரவரி 27-ல் லண்டனில் மறைவு.

என் கேள்வி: அந்த வைலா கம்பெனி வியாபாரமா, அரசியலா? லண்டனில் கப்பல் கம்பெனி நடத்துகிறவர் 60-வது அட்சரேகையில் போய்க் கருவாடு போட வேண்டிய அவசியம் என்ன?

#2 உப்புக்காற்று

கேள்விக்குப் பதில் அப்புறம். அந்தக் கருவாடு எப்படிப் போட்டார்கள் என்பதை முதலில் வைத்துவிடுகிறேன். அது தெரியாமல் அங்கே யார் கையில் குடுமி இருந்தது என்பது பிடிபடாது.

முக்கியமான மீன் 'லிங்'. விலாங்கு போல நீண்ட உடம்பு, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அடுத்து காட், டஸ்க். படகிலேயே தலையை வெட்டிக் குடலை எடுத்துவிடுவார்கள். கரையில் நிறுத்துப் போட்டதும் வேலை இப்படிப் போகும்:

கீறுபவர் கழுத்திலிருந்து வால்வரை வயிற்றுப் பக்கமாகத் திறந்து, நடுமுள்ளின் முன்பாதியை மட்டும் உருவுவார். பின்பாதியை விட்டுவைக்க வேண்டும். அதையும் எடுத்தால் வால் பக்கம் தொய்ந்து, காய்ந்தபின் தூக்கினால் கிழியும். அடுத்தவர் கடல்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து ரத்தத்தை எடுப்பார். நடுமுள்ளை ஒட்டி ஒரு நூல் ரத்தம் நின்றாலும் காய்ந்தபின் கறுப்புக் கோடாகத் தெரியும், ஸ்பெயின் வியாபாரி அதைப் பார்த்ததும் தரத்தை இறக்கிவிடுவான்.

பிறகு மரத் தொட்டி. அடியில் ஒரு வரிசை உப்பு, மேலே தோல் கீழாக மீன், மறுபடி உப்பு என்று அடுக்கி, உச்சியில் கனமான கல் வைப்பார்கள். மீன் தன் தண்ணீரை விட்டு உப்புநீர் ஊறிவரும், அந்த நீருக்கு மேலே எந்த மீனும் எட்டிப் பார்க்கக் கூடாது. சில நாள் கழித்து எடுத்து, தோள் பக்கத்திலிருந்து வால் நோக்கிப் பிரஷ் போட்டுக் கழுவி, சின்னக் குவியல்களாக அடுக்கி நீர் வடிய விடுவார்கள். அப்புறம் கூழாங்கல் கரையில் விரிப்பு. கூழாங்கல்தான் வேண்டும். மண்ணில் போட்டால் ஒட்டும், புல்லில் போட்டால் அடியில் காற்று போகாது.

பகலில் விரித்து, திருப்பி, மழைத்துளி விழும்முன் ஓடிக் குவித்து மூடுவதும், மாலையில் மறுபடி குவிப்பதும் கரைப் பையன்களின் வேலை. ஆண்டர்சன் செய்தது இதைத்தான். பாதி காய்ந்ததும் 'ஸ்டீப்பிள்' என்ற பெரிய கோபுரக் குவியல். தன் எடையாலேயே மீன் அழுந்தி உள் ஈரம் வெளியே வரும். அதைப் பிரித்து, மேலே இருந்ததை அடிக்கும் அடியில் இருந்ததை மேலுக்கும் மாற்றி மறுபடி கட்டுவார்கள். மேற்பரப்பில் வெள்ளையாக மாவு பூத்தால் மீன் பதம்.

எங்கே கெடும்? ஷெட்லாந்தின் ஈரக் காற்றில்தான் முதல் ஆபத்து. உப்பேறிய பண்டம் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேல் போனால் காய்வதை நிறுத்திவிட்டுக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். மூடுபனி நாளில் விரித்தால் முந்தின நாள் காய்ச்சல் வீண். எதிர்ப்பக்கமும் உண்டு: விரித்த முதல் நாளே சுள்ளென்று வெயில் அடித்தால் மேல்தோல் வெந்து இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். வெளியே கல் மாதிரி இருக்கும், ஒடித்தால் உள்ளே வழவழப்பு. உப்பில் கால்சியம், மெக்னீசியம் அதிகமிருந்தால் மீன் வெள்ளையாக, முறுமுறுப்பாகத் தெரியும், ஆனால் உப்பு ஆழம்வரை இறங்காது. கிடங்கு வெதுவெதுப்பாக இருந்தால் இளஞ்சிவப்பு நிறப் பூச்சு பிடிக்கும்.

எடைக் கணக்கு: இரண்டேகால் ஹண்ட்ரட்வெயிட் பச்சை மீன், காய்ந்து ஒரு ஹண்ட்ரட்வெயிட். (ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு எடை, ஏறக்குறைய 51 கிலோ.) இந்த விகிதத்தை மனதில் வையுங்கள், அடுத்து வருபவர்களுக்குத் தேவைப்படும்.

#3 பழையகணக்கு

உப்புக்காற்று அண்ணன் தொழிலைச் சொன்னார், நான் பேரேட்டைத் திறக்கிறேன்.

ஷெட்லாந்து மீனை ஒரு காலத்தில் ஜெர்மன் ஹான்சா வணிகர்கள் கோடைக்குக் கோடை வந்து வாங்கிப் போனார்கள். 1712-ல் வெளிநாட்டு உப்புக்கு வந்த வரி அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது, அவர்கள் நின்றுபோனார்கள். அந்த இடத்தில் உள்ளூர் நிலக்கிழார்கள் உட்கார்ந்தார்கள். நிலம் அவர்களுடையது, காயவைக்கும் கரை அவர்களுடையது, இப்போது மீன் வியாபாரமும் அவர்களுடையது. குடியானவனுக்கு வீடும் துண்டு நிலமும் தருவார்கள். பதிலுக்கு, பிடிக்கும் மீனை எனக்கே போட வேண்டும். வேறு ஒருவனுக்கு விற்றது தெரிந்தால் 40 நாள் நோட்டீஸில் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். பிற்பாடு நிலக்கிழார்கள் இந்த உரிமையைக் கடைக்கார வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நுகத்தடி அதேதான், பிடித்திருக்கும் கை மட்டும் வேறு.

இதில் கொக்கி எங்கே என்றால், மீன் போடும்போது விலை கிடையாது. மே மாதம் போட்ட மீனுக்கு விலை இலையுதிர்காலத்தில், ஸ்பெயினுக்குச் சரக்கு போனபின், வருடக் கணக்கு முடிக்கும் நாளில்தான் தெரியும். அதுவரை மாவு, நூல், தூண்டில், புகையிலை எல்லாம் அதே வியாபாரியின் கடையில் கடன், அவன் சொன்ன விலையில்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும், எந்தப் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. (அன்றைய ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்.)

ஆறு பேர் கொண்ட படகு, பருவம் முழுக்க 90 ஹண்ட்ரட்வெயிட் பச்சை மீன். விலை 7 ஷில்லிங் என்று வைப்போம். ஆளுக்கு 15, அதாவது 105 ஷில்லிங்: 5 பவுண்டு 5 ஷில்லிங். அவன் பக்கத்துப் பற்று: வாடகை 2 பவுண்டு 10 ஷில்லிங், மாவு 2 பவுண்டு, படகு-கயிறு-தூண்டில் பங்கு 1 பவுண்டு 5 ஷில்லிங், சில்லறைச் சாமான் 10 ஷில்லிங். மொத்தம் 6 பவுண்டு 5 ஷில்லிங். வருடம் முழுக்கக் கடலில் கிடந்தும் 1 பவுண்டு கடன்.

வியாபாரி பக்கம்: 90 பச்சை, 40 காய்ச்சல். ஒரு காய்ந்த ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மீன் விலை 15 ஷில்லிங் 9 பென்ஸ், பதனிடும் செலவு 2 ஷில்லிங் 6 பென்ஸ், ஆக 18 ஷில்லிங் 3 பென்ஸ். 23 ஷில்லிங்குக்கு விற்றால் மிச்சம் 4 ஷில்லிங் 9 பென்ஸ். நாற்பதுக்கு 9 பவுண்டு 10 ஷில்லிங். கடை லாபம் தனி. அந்த ஒரு பவுண்டு பாக்கிதான் அடுத்த வருடத்துக்கான விலங்கு. பாக்கி இருக்கும்வரை அவன் வேறு கரைக்கு மீன் கொண்டுபோக முடியாது.

ஆண்டர்சன் கைவைத்தது இந்த இடத்தில்தான். வைலாவில் தனக்கென்று ஒரு கரை. மீனைக் கொண்டுவா, காசை வாங்கு, எங்கே வேண்டுமானாலும் சாமான் வாங்கிக்கொள். பதனிட்ட சரக்கு நேரே ஸ்பெயினுக்கு. எனவே வடகடல் கேள்விக்கு என் பதில்: இது வியாபார வேஷம் போட்ட அரசியல்.

#4 நெய்தல்

படகைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த 90 ஹண்ட்ரட்வெயிட் சும்மா வந்துவிடாது.

'ஹாஃப்' என்றால் அவர்கள் பேச்சில் ஆழ்கடல். மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பருவம். கரையிலிருந்து 30, 40 மைல் தள்ளிப் போவார்கள். போவது 'சிக்ஸரீன்' என்ற திறந்த படகில். ஆறு துடுப்பு, ஆறு ஆள், ஒரு பாய். படகின் அடிமரமான ஏரா மட்டும் 20 அடியை ஒட்டி, முனைக்கு முனை ஏறக்குறைய 30 அடி. தளம் கிடையாது, மூடி கிடையாது. பலகை மேல் பலகை ஏறி அடித்த நார்வே பாணிக் கட்டு. முன்பெல்லாம் பலகைகளை நார்வேயிலேயே வெட்டிப் பொருத்திப் பார்த்து, கழற்றிக் கட்டாக அனுப்பி, ஷெட்லாந்தில் மறுபடி பூட்டினார்கள். தீவில் மரம் மிக அரிது என்பதை ஞாபகம் வையுங்கள்.

தூண்டில் கயிறு ஒரு படகுக்கு ஆறேழு மைல் நீளம், ஆயிரத்துக்கு மேல் முள். மாலையில் விட்டு, சிறிது நேரம் கழித்து இழுப்பார்கள். அங்கே கோடை இரவு முழுதாக இருட்டாது, அது ஒன்றுதான் வசதி. இழுக்கும்போது ஒருவர் கயிறு, ஒருவர் கொக்கிக் கழியால் மீனை உள்ளே வாங்குவார், ஒருவர் தலை-குடல், மற்றவர்கள் துடுப்பைப் போட்டுப் படகைக் கயிற்றுக்கு நேராகவே நிறுத்தி வைப்பார்கள். அந்தத் துடுப்பு வேலைதான் கஷ்டமே. படகு கொஞ்சம் விலகினால் கயிறு பாறையில் மாட்டி அறும், அறுந்த கயிறும் கடன் கணக்கில்தான் ஏறும்.

காற்று மாறினால் தலைவனுக்கு முன்னே மூன்று வழி: மீனைக் கடலில் கொட்டுவது, கயிற்றை வெட்டிவிடுவது, இரண்டையும் காப்பாற்றப் பார்ப்பது. மூன்றாவதைச் செய்தவர்கள் பலர் திரும்பவில்லை. கயிறு வியாபாரிக்குக் கடன், மீன் வாடகைக்குக் கடன் என்றால் எவனுக்குத்தான் கொட்ட மனம் வரும்? 1832 ஜூலைப் புயலில் 31 படகுகளும் 105 ஆட்களும் போனார்கள். 1881 ஜூலையில் 10 படகு, 58 பேர், பெரும்பாலும் யெல் தீவின் குளூப் ஊர்க்காரர்கள். ஆண்டர்சன் கம்பெனி தொடங்கியது முதல் புயலுக்கு ஐந்தே வருடம் கழித்து. அவர் பின்னால் 1865-ல் லெர்விக்கில் மாலுமி, மீனவர் விதவைகளுக்கு வீடு கட்டித் தந்ததை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

#5 பேரம்பேசி

எல்லோரும் ஆண்டர்சனுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் மறுபக்கம்.

முதலாவது, பழையகணக்கு சார் போட்ட பேரேடு நல்ல வருடத்தின் பேரேடு. மீன் படாத வருடத்தில் மாவு கொடுத்தது யார்? அதே வியாபாரிதான். உருளைக்கிழங்கு அழுகிய 1846-க்குப் பிந்தைய வருடங்களில் கடன் கொடுக்கக் கடை இல்லையென்றால் சாவு இன்னும் கூடியிருக்கும். காசு கொடுத்து வாங்குகிறவன் மீன் வந்தால் காசு தருவான், வராவிட்டால் கையை விரிப்பான்.

இரண்டாவது, முதலீட்டை மட்டும் கொட்டினால் ஷெட்லாந்தில் தொழில் நிற்காது. அதே காலத்து ஹே அண்ட் ஓகில்வி கம்பெனியைப் பாருங்கள். 1822-ல் தொடங்கி, லெர்விக்கில் ஃபிரீஃபீல்டு கப்பல்துறை, கையில் ஷெட்லாந்து பேங்க் என்ற சொந்த வங்கி, ஹெர்ரிங் மீனுக்குப் பெரிய படகுக் கூட்டம். 1840 செப்டம்பர் புயலில் படகும் வலையும் போயின, ஹெர்ரிங்கும் கைவிட்டது, 1842-ல் கம்பெனியும் வங்கியும் ஒன்றாகக் கவிழ்ந்தன. உள்ளூரில் வேர்விட்டவர்களுக்கே அந்தக் கதி. வைலா கம்பெனியும் ஹே குடும்பத்துக்கு ஈடான பெரிய நிறுவனமாக வளரவில்லை. ஆண்டர்சனுக்கு லண்டனில் வேறு வருமானம் இருந்ததால் நஷ்டம் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

#6 பழையகணக்கு

@பேரம்பேசி, பஞ்ச காலத்து மாவு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். 1872-ல் வில்லியம் கத்ரி அரசாங்கத்துக்குக் கொடுத்த ட்ரக் முறை (காசுக்குப் பதில் கடைச் சாமானாகக் கணக்குத் தீர்ப்பது) விசாரணை அறிக்கைக்காகச் சாட்சி சொன்ன வியாபாரிகளும் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள்: "நாங்கள் இல்லையென்றால் இவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?" என்ற தொனி. ஆனால் கேள்வி அதுவல்ல. பஞ்சத்தில் மாவு கொடுத்ததற்கு நல்ல வருடத்தில் வட்டியோடு எடுத்துக்கொள்ளட்டும். விலை சொல்லாமல் மீன் வாங்குவதும், வேறு எவனுக்கும் விற்காதே என்று வீட்டைக் காட்டி மிரட்டுவதும் பஞ்ச நிவாரணம் ஆகுமா?

ஹே அண்ட் ஓகில்வி உதாரணம் எனக்குச் சாதகமானது. அவர்கள் ஒரே மீனில், ஒரே பருவத்தில், கடனில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். வங்கியும் மீனும் ஒரே கையில் இருந்தால் ஒரு புயல் இரண்டையும் முடித்துவிடும். ஹெர்ரிங்கைச் சில மணி நேரத்துக்குள் உப்பில் போட்டாக வேண்டும், லிங் அத்தனை அவசரப்படுத்தாது. இரண்டும் வேறு தொழில், ஒப்பிடுவதே சரியில்லை. பிறகு 1844-ல் வில்லியம் ஹே, ஹே அண்ட் கம்பெனி என்று மறுபடி எழுந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#7 வாக்குச்சீட்டு

அரசியல் பக்கத்துக்கு வருகிறேன். 'எம்.பி. ஆனார்' என்று ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம்.

1832 சீர்திருத்தச் சட்டத்தின்படி ஸ்காட்லாந்துக் கவுண்டித் தொகுதியில் வாக்கு யாருக்கு? வருடம் 10 பவுண்டு மதிப்புள்ள நிலத்தின் சொந்தக்காரர், நீண்ட காலக் குத்தகைக்காரர், இல்லையேல் வருடம் 50 பவுண்டு வாடகை கட்டும் பெரிய குடியானவர். நாம் மேலே பேசிய மீனவன் வருடா வருடம் புதுப்பிக்கும் துண்டு நிலக்காரன். அவனுக்கு வாக்கே கிடையாது. ரகசிய வாக்கெடுப்பு 1872-ல்தான் வந்தது. அதுவரை இன்னாருக்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆக, ஆண்டர்சன் யாருக்காகப் பேசினாரோ அவர்களுக்கு வாக்கில்லை, வாக்கிருந்தவர்களில் பலருக்கு அவர் பேச்சு கசந்தது.

போதாததற்கு ஆர்க்னியும் ஷெட்லாந்தும் ஒரே தொகுதி. ஆர்க்னி விவசாய பூமி, ஷெட்லாந்து கடல் பூமி. ஒரு பக்கம் கைதட்டல் வாங்கும் பேச்சு மறுபக்கம் எடுபடாது. தானிய வரிச் சட்டம் 1846-ல் ரத்தாகி, தடையற்ற வணிகமா இல்லையா என்பதே அந்தத் தேர்தலின் பெரிய பேச்சு. மாவை வாங்கித் தின்னும் தீவுக்கு அது வயிற்று விஷயம். ஆண்டர்சன் தீவிர லிபரல், தடையற்ற வணிகக்காரர். 1837 முதல் தொகுதியை வைத்திருந்த ஃபிரெடரிக் டண்டாஸின் இடத்துக்கு 1847-ல் வந்தார். 1852-ல் டண்டாஸ் திரும்பி வந்து 1872 வரை அசையவில்லை. டண்டாஸ் என்பது ஆர்க்னி-ஷெட்லாந்தின் மிகப் பெரிய எஸ்டேட் குடும்பத்தின் பெயர் என்பதைச் சொன்னால் போதும்.

ஐந்து வருடத்தில் ஒரு தனி எம்.பி. ட்ரக் முறையைச் சட்டம் போட்டு ஒழித்திருக்க முடியாது. 1831 ட்ரக் சட்டமே குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான், மீனவன் அந்தப் பட்டியலில் இல்லை. அவன் 'கூலியாள்' இல்லையாம், 'சுயமாக விற்பவன்'! இந்த ஒரு சொல் சிலம்பத்தை வைத்தே அந்த முறை இன்னும் ஒரு தலைமுறை ஓடியது.

#8 கோட்டைவாசல்

நான் இலங்கையிலிருந்து. கப்பலை ஓரங்கட்டச் சொன்னீர்கள், ஆனாலும் ஒரு சின்ன ஒட்டு போடாமல் போகேலாது. பி அண்ட் ஓவின் 'ஹிந்துஸ்தான்' 1842 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் இருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதுக்குப் பிறகு சூயஸ், காலி, சென்னை, கல்கத்தா எண்டு தபால் வழி போட்டாங்கள். காலித் துறைமுகம் நிலக்கரி ஏற்றும் இடமாகி, கொழும்பில் அலைதடுப்புக் கட்டும் வரைக்கும் கொடிகட்டிப் பறந்தது. சென்னையில் அப்ப துறைமுகம் இல்லை, கப்பல் வெளியில் நிற்கும், ஆட்களை மசூலாப் படகில்தான் கரைக்குக் கொண்டு போவினம்.

இன்னொண்டு. ஆண்டர்சனைத் தனியாளாக பி அண்ட் ஓ நிறுவனர் எண்டு எழுதுறது பிழை. வில்காக்ஸ், டப்ளின் கப்பல்காரர் ரிச்சர்ட் போர்ன், ஆண்டர்சன் எண்டு மூண்டு பேர். 1837-ல் ஐபீரியத் (ஸ்பெயின், போர்ச்சுகல்) தபால் ஒப்பந்தம், 1840 கடைசியில் அரச சாசனம். அந்த 1837 செப்டம்பரிலேயே 'டான் ஹுவான்' கப்பல் ஸ்பெயினின் தென்கோடித் தரீஃபா முனையில் மூடுபனிக்குள்ள பாறையில் ஏறினது. ஆண்டர்சனும் மனைவியும் அதில இருந்தவை. அவர் ஒரு ஸ்பானிய மீன்பிடிப் படகைப் பிடிச்சு ஜிப்ரால்டருக்குப் போய் உதவி கூட்டிவந்தார்.

#9 வடகடல்

நன்றி கோட்டைவாசல். அந்த 1837-ஐக் கவனியுங்கள்: ஒரே வருடத்தில் தபால் ஒப்பந்தம், கப்பல் விபத்து, வைலா கம்பெனி. அத்தனைக்கும் நடுவில் செய்தித்தாள் வேறு. லண்டனில் அச்சடித்து ஷெட்லாந்துக்கு அனுப்பினார். அதன் வெள்ளோட்ட இதழில் இடத்தை நிரப்ப ஐஸ்லாந்து, ஃபரோ தீவுகளுக்கு உல்லாசக் கப்பல் பயணம் என்று இல்லாத விளம்பரம் ஒன்றை அவர் போட்டார். உலகின் முதல் க்ரூஸ் விளம்பரம் என்று இணையத்தில் சுற்றுவது அதுதான். அப்படி எந்தக் கப்பலும் அன்று ஓடவில்லை. வெற்றிடம் நிரப்பப் போட்ட மாதிரி விளம்பரம், அவ்வளவே.

1836-ல் 'ஸாவரின்' என்ற நீராவிக் கப்பல் லெர்விக் வரத் தொடங்கியதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கப்பல் வந்தால் தபால் வரும், தபால் வந்தால் ஸ்பெயின் விலையும் எடின்பரோவின் துறைமுகமான லீத் விலையும் தெரியவரும். விலை தெரிந்த மீனவனிடம் கணக்கு முடிக்கும் நாளில் கதை விட முடியாது. செய்தித்தாள், தபால், ரொக்கம் மூன்றையும் அவர் ஒன்றாகப் பிடித்ததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லெர்விக்கில் 1862-ல் திறந்த ஆண்டர்சன் பள்ளியும் இதே வரிசைதான். கடற்படைக்குப் போகும்போது தாமஸ் போல்ட் சொன்னதாகச் சொல்லப்படும் "நல்லதைச் செய், விடாமல் செய்" அந்தப் பள்ளியின் வாசகம்.

#10 பேரம்பேசி

பள்ளி விஷயத்தில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ரொக்கமும் செய்தியும் வந்துவிட்டால் மீனவன் விடுபட்டுவிடுவான் என்ற கணக்கு தப்பு. காசை எவன் கொடுத்தாலும், வீடு நிலக்கிழாருடையது. வைலாவுக்கு மீன் போடும் மீனவன் வைலாவிலோ, தடுக்காத நிலக்கிழாரின் நிலத்திலோ இருந்தால்தான் அது நடக்கும். எதிர்க்கரையில் இருப்பவன் போட்டால் 40 நாள் நோட்டீஸ். ஒரு தீவைக் குத்தகைக்கு எடுத்து ஒரு தீவு அளவுக்குத்தான் விடுதலை தர முடியும்.

#11 பழையகணக்கு

இதில் உங்களோடு முழு உடன்பாடு. 1886 கிராஃப்டர் (சிறு குத்தகை விவசாயி) சட்டம் நிலத்தில் நிலைத்த உரிமையும் நியாய வாடகையும் கொடுத்தது. வெளியேற்றும் மிரட்டல் செல்லாக்காசானதும் ட்ரக் முறையின் முதுகெலும்பு போயிற்று. அதே வருடங்களில் தளமுள்ள பெரிய படகுகளும் ஹெர்ரிங் ஏலமும் வந்து, 1881 குளூப் அழிவோடு சிக்ஸரீன் காலமும் முடிந்தது. ஆண்டர்சன் இறந்து 18 வருடம் கழித்து வந்த சட்டம். அவர் ரொக்கத்தைப் பூட்டுக்குச் சாவி என்று நினைத்தார், பூட்டு நிலத்தில் இருந்தது. ஆனால் பூட்டு இருக்கிறது என்று அச்சில் போட்டு ஊருக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

#12 நெய்தல்

உப்புக்காற்று அண்ணா, ஒரு சந்தேகம். கோபுரக் குவியலில் மீனை எந்தப் பக்கம் மேலாக அடுக்குவார்கள்? விரிப்பில் சதை மேலே என்றுதானே?

#13 உப்புக்காற்று

விரிப்பில் சதை மேலே, வெயில் கடுமையானால் தோல் மேலே திருப்ப வேண்டும். குவியலில் தோல் மேலே. தோல் ஓடு வேய்ந்த மாதிரி வேலை செய்யும், தூறல் விழுந்தாலும் சதையில் இறங்காது. உச்சியை வைக்கோல் பாயோ துணியோ போட்டு மூடிக் கல் வைப்பார்கள். அடிவரிசை நேரே தரையில் படக்கூடாது, கூழாங்கல் மேட்டில் நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குவியலின் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பு தட்டினால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும், மறுநாள் வரை விட்டால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும்.